ஒட்டாத இரண்டு பிளாஸ்டிக்கும் ஒரு பால்குடமும்

குடத்தில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, லாரியின் பின்பலகை உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட வேண்டும். உடையாவிட்டால் அது நல்ல குடம். எங்கள் ஆலையில் இருந்த சோதனை இது ஒன்றுதான். போடுவது என் வேலை. நல்ல குடம் தொம் என்று விழும், தண்ணீர் வாய் வழியாக எகிறி என் சட்டையை நனைக்கும். கெட்ட குடத்தில் அந்தத் தொம் இருக்காது. அடியில், அச்சு மூடுகிற இடத்தில் ஓடும் கோடு துணி கிழிவது போலக் கிழிந்து, தண்ணீர் சத்தமில்லாமல் காலடியில் பரவும். சட்டை நனையாமல் நான் திரும்பி வந்தால், அன்று சோதனை தோற்றுவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இது எண்பதுகளின் முற்பகுதி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் அப்போது பெரிய ஆலைகள் எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை, நடுவே எங்கள் ஆலையின் தகரக் கூரை. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குடம் ஊதுகிற ஒரே ஒரு இயந்திரம். நான் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமா முடித்தவன் என்பதால் முதலாளி என்னை வைத்திருந்தார்.

எங்களுக்கு லாரியில் வந்த பழைய பிளாஸ்டிக் இரண்டு வகை. ஒன்று பாலிதீன். உடைந்த குடம், எண்ணெய் டப்பா போன்றவை. மற்றது நாங்கள் பி.பி. என்று சுருக்கமாகச் சொன்ன பாலிபுரோப்பிலீன். உர மூட்டைச் சாக்கு, கயிறு, பழைய பேட்டரிப் பெட்டி. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். சேர்த்து உருக்கினால் கலந்துவிட்டது போலவே தெரியும். ஆறும்போதுதான் குணம் தெரியும். ஒன்றுக்குள் மற்றது கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக ஒதுங்கிக்கொள்ளும். உருண்டையின் விளிம்பில் எந்தப் பிடிப்பும் இருக்காது. அப்படி உடைந்த குடத்தின் ஓரத்தைக் கிள்ளினால் வெங்காயத் தோல் போல உரிந்து வரும்.

அதனால் உருக்குவதற்கு முன்பே பிரிக்க வேண்டும். ஆலைக்குப் பின்னால் அதற்கென்று ஒரு ஷெட் இருந்தது. வடக்குப்பட்டிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்த பெண்கள் தரையில் உட்கார்ந்து பிரிப்பார்கள். பாலிதீனில் நகம் இறங்கும், பி.பி.யில் வழுக்கும். இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அதற்காக எல்லோரும் வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வளர்த்திருந்தார்கள். சமைக்கும்போது உப்பு எடுக்கவும் வசதியாக இருக்கிறது என்று சிரிப்பார்கள்.

ஷெட்டுக்கு மூத்தவராக ஓர் அம்மாள் இருந்தார். மற்றவர்களுக்கு அவர் யக்கா. வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர், வலது கால் மடங்காது. காலை நேராக நீட்டி, அதன் மேலேயே பிளாஸ்டிக்கைக் குவித்துக்கொண்டு பிரிப்பார். அவரால் நடவுக்குக் குனிய முடியாது. செங்கல் சூளையில் நிற்கவும் முடியாது. உட்கார்ந்தபடி, நிழலில், வீட்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் அந்த வட்டாரத்தில் அவருக்கு இருந்த வேலை அந்த ஷெட் ஒன்றுதான்.

ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “பிரிக்கிறதுக்கே பாதி நாளு போவுது. கலந்தே போட்டு, குடம் நிக்கிற மாதிரி எதுனா வழி கீதா பாரு. நின்னுச்சின்னா ஷெட்ட எடுத்துட்டு அங்க ரெண்டாவது மிஷின் போட்டுறலாம்.”

“பார்க்கிறேன் சார்” என்றேன்.

ஷெட்டை எடுத்துவிட்டால் அங்கே இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியதும் அதைத் தள்ளி வைத்துவிட்டேன். ஒட்டாத இரண்டை ஒட்டவைக்க முடியுமா என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் அதையே யோசித்தேன், சாப்பிடும்போதும் யோசித்தேன். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இன்று எழுதும்போது கை கூசுகிறது.

சூட்டைக் கூட்டிப் பார்த்தேன். குறைத்துப் பார்த்தேன். ஒரே கலவையை இயந்திரத்தில் இரண்டு தடவை ஓட்டினேன். பி.பி.யின் பங்கைப் பாதியாக்கினேன். குடம் கிழிந்துகொண்டே இருந்தது. காய்ந்த சட்டையோடு ஷெட்டைத் தாண்டிப் போவேன். உள்ளிருந்து அம்மாளின் குரல் வரும்.

“ஒட்டுச்சா சார்?”

“ஒட்டலம்மா.”

“போவட்டும் வுடு சார். அதுங்களுக்குள்ள இன்னா பங்காளிச் சண்டையோ.”

ஷெட்டில் இருந்தவர்களில் வாய்த்துடுக்கு அதிகமான ஒரு பெண் உண்டு. கல்யாணமாகி ஓரிரு வருடம் ஆனவள். அவள் மட்டும், “சாருக்குச் சட்ட தோய்க்கிற வேல மிச்சம்” என்பாள்.

பிறகு ஒரு காலை முதலாளி ஷெட்டின் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் கெட்டவர் அல்லர், ஆனால் கோபம் வந்தால் இடம் பார்க்க மாட்டார். “குடம் பண்ணச் சொன்னா சல்லட பண்ணிகினு கீறியே. இன்னும் எத்தினி மூட்டய நாசம் பண்ணுவ? முடியலன்னா சொல்லு, வேற ஆளப் பாத்துக்கறேன்.” பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்தார்கள்.

அவர் போன பிறகு அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டார். “சார், இங்க வா. உனக்குப் புள்ளைங்க எத்தினி?”

“இரண்டு.”

“நா முருகன்கிட்ட வேண்டிக்கினேன். இது ஒட்டுச்சின்னா ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடம் எடுக்கறேன்னு. நீ பயப்படாத.”

ஒட்டாவிட்டால் என் வேலை போய்விடும் என்று அவர் எனக்காக வேண்டியிருக்கிறார். ஒட்டினால் யாருடைய வேலை போகும் என்பது அவருக்குத் தெரியாது. அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். “அம்மா, இது ஒட்டிவிட்டால் பிரிக்க வேண்டியதே இல்லை. இந்த ஷெட்டை எடுத்துவிடுவார்கள்.”

அந்த வாய்த்துடுக்கான இளம்பெண் சிரித்தாள். “இத்தினி நாளு ஒட்டாதது இனிமேதான் ஒட்டப் போவுதா? சும்மா இரு சார்.” மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கே அந்தச் சிரிப்பு ஆறுதலாக இருந்தது. அவள் அம்மாள் பக்கம் திரும்பினாள். “எதுக்கும் நீ வேண்டுதல வாபஸ் வாங்கிக்க யக்கா.”

“வாபஸா? அது இன்னா எலெக்சனாடி?” என்றார் அம்மாள். “சொன்னது சொன்னதுதான். ஒரே சாமிகிட்ட ரெண்டு மனுவா போட முடியும்?”

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று நானும் நிம்மதியாக வேலைக்குத் திரும்பினேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று அந்த வயதில் நம்பினேன்.

வழி ரப்பரில் கிடைத்தது. எத்திலீன், புரோப்பிலீன் இரண்டும் கலந்து செய்த ஒரு செயற்கை ரப்பர் உண்டு. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் இரண்டு பிளாஸ்டிக்கின் துண்டுகளும் இருக்கின்றன. ஒட்டாத இரண்டுக்கும் நடுவில் அது போய் நின்றால், ஒரு கையால் இதையும் மறு கையால் அதையும் பிடித்துக்கொள்ளும். படிக்கும்போது கேட்டது பல வருடம் கழித்து நினைவுக்கு வந்தது. சென்னை பாரிமுனையில் ஒரு ரப்பர் வியாபாரியிடம் ஒரு கட்டி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அப்படியே இயந்திரத்தில் போட முடியாது. முதலில் போட்டபோது குடத்தின் உடம்பில் அங்கங்கே கட்டி தட்டி நின்றது. சிறு துண்டுகளாக நறுக்கி, பாலிதீனோடு மட்டும் முன்கூட்டியே உருக்கிக் கலந்து, அந்தக் கலவையைத்தான் பிறகு மொத்தத்தில் சேர்க்க வேண்டும். ரப்பரை நறுக்க எங்களிடம் கருவி இல்லை. அந்த அம்மாள்தான் வீட்டிலிருந்து அரிவாள்மணையைக் கொண்டுவந்தார். நீட்டிய காலைப் பலகையின் மேல் வைத்துக்கொண்டு, ஒட்டாமல் இருக்க அரிவாளில் சோப்புத் தண்ணீர் தடவித் தடவி, பூசணிக்காய் நறுக்குவது போல நறுக்கினார். மற்றவர்கள் முறைவைத்து உதவினார்கள்.

“இது இன்னா பண்ணும் சார்?” என்று கேட்டார்.

சொன்னேன். இரண்டு பக்கத்துக்கும் உறவானது, நடுவில் நின்று இரண்டையும் பிடிக்கும் என்றேன்.

“பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்த வூட்டு மருமவ மாதிரி” என்றார். “அவ அங்கயும் பேச முடியாது, இங்கயும் பேச முடியாது. அவ இருக்கறவரிக்கும் ரெண்டு வூட்டுக்காரனும் வெட்டிக்க மாட்டான்.”

இதைவிடச் சரியாக என் ஆசிரியர்களும் சொன்னதில்லை என்று நான் சொன்னபோது எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். அவர் வெட்கப்பட்டு இன்னும் வேகமாக நறுக்கினார். அவர் கையிலிருந்த துண்டுகள் என்ன செய்யப் போகின்றன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த மதியம் ஒரு விசேஷ வீட்டில் காய் நறுக்குகிற மாதிரி கலகலப்பாக இருந்தது.

அந்தக் கலவையில் செய்த முதல் குடத்தை நான் போட்டபோது தண்ணீர் என் முகம் வரை எகிறியது. மறுபடி போட்டேன். தலைகீழாகப் போட்டேன். அடிக்கோட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சட்டை முழுவதும் நனைந்து நான் திரும்பியபோது ஷெட் வாசலில் பெண்கள் நின்றிருந்தார்கள். அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கை தட்டினார். பிறகு மற்றவர்களும் தட்டினார்கள். அந்த இளம்பெண் மட்டும் தட்டவில்லை. குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதம் முடிந்ததும் ஷெட் காலியானது. முதலாளி ஆளுக்கொரு புடவையும் பாக்கிக் கூலியும் கொடுத்தார். குடத்தின் ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சீவும் வேலைக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டார். அது நின்றுகொண்டு செய்கிற வேலை. அம்மாளுக்கு உட்கார்ந்தபடி செய்ய ஏதாவது கொடுக்கலாமே என்று நான் கேட்டேன். “ஒரு ஆளுக்கோசரம் ஒரு வேலய உண்டாக்க முடியுமா?” என்றார். நியாயமான பதில்தான். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஷெட் இருந்த இடத்தில் புது இயந்திரம் வந்தது. ஒரு மூலையைத் தடுத்து எனக்கு மேசையும் மின்விசிறியும் போட்டார்கள். தரையில் அம்மாள் உட்கார்ந்து உட்கார்ந்து சிமெண்ட் வழவழப்பான இடம் என் நாற்காலிக்கு அடியில் இருந்தது.

வேலை போனது மட்டும் என்றால் எப்படியோ மனதைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன். ஊரில் பழி அவர் மேல் விழுந்தது.

கணக்கில் விடுபட்டுப்போன ஒருத்தியின் கூலியைக் கொடுப்பதற்காக ஒரு மாலை வடக்குப்பட்டுக்குப் போனேன். குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். அம்மாள் தன் குடத்தோடு ஒரு பக்கமாக நின்றிருந்தார். அந்த இளம்பெண் அவர் காதில் விழும்படியே பேசிக்கொண்டிருந்தாள். “வாய வச்சிகினு சும்மா இருந்திருந்தா இன்னிக்கும் உக்காந்து வேல செஞ்சிகினு இருப்போம். இவ போயி முருகன்கிட்ட மனு குடுத்தா. அவரும் கையெழுத்துப் போட்டுட்டாரு.”

நான் முன்னே போனேன். “அது வேண்டுதலால் ஒட்டவில்லை. ரப்பரால் ஒட்டியது. அதைச் செய்தவன் நான்” என்றேன்.

“அதான் எங்களுக்குத் தெரியுமே சார்” என்றாள் அவள். “நீ எத்தினி மாசமா பண்ண? ஒட்டுச்சா? யக்கா வேண்டிகினப்புறம்தான உனக்கு ரப்பரு ஞாபகமே வந்துச்சி?”

ரப்பர் ஏன் அன்று நினைவுக்கு வந்தது, அதற்கு முன் ஏன் வரவில்லை என்று எந்தப் புத்தகத்திலும் கிடையாது. இரண்டு பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ரப்பர் எப்படி நிற்கிறது என்று அங்கேயே ஒரு குச்சியால் மண்ணில் படம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்கள். “சார் நல்லவரு, யக்காவ வுட்டுக் குடுக்க மாட்டேங்கறாரு” என்றாள் ஒருத்தி. நான் எவ்வளவு பேசினேனோ அவ்வளவுக்கு அவர் மேல் பழி உறுதியானது.

அம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார். “வுடு சார். கலஞ்சி போனதுக்கு எதுனா ஒரு காரணம் வேணும் அவளுங்களுக்கு. உன்னத் திட்டினா உன் மொகத்துல முழிக்கணும், ரெண்டு பேரு உங்கிட்ட வேலைல கீறாளுங்க. என்னத் திட்டினா இன்னா நஷ்டம்?” சற்று தூரம் நடந்த பிறகு நின்றார். “கிருத்திகை வருது. நீ மேலருந்து கீய போட்டுப் பாத்த குடத்த எனக்குக் குடு.”

“எந்தக் குடம்?”

“மொத ஒட்டுன குடம். எதுக்கு வேண்டிகினேனோ அதுலதான எடுக்கணும்.”

அது என் மேசை மேல் இருந்தது. வருகிறவர்களிடம் காட்டுவதற்காக முதலாளி வைக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஆடிக் கிருத்திகை அன்று லீவு போட்டுவிட்டு நானும் போனேன். கோயில் பக்கத்தில்தான், ஆனாலும் அவர் காலுக்கு அது நீண்ட தூரம். இடுப்பில் குடம் வைக்க முடியாது, தலையில் வைத்தால் இரண்டு கையும் வேண்டும், கோல் ஊன்ற முடியாது. கோலை விட்டுவிட்டுத் தலையில்தான் வைத்துக்கொண்டார். குடத்தின் கழுத்தில் மஞ்சள் துணியும் வேப்பிலையும் கட்டியிருந்தார். பாதி அளவுக்குப் பால். ஊர்ப் பெண்கள் முன்னாலும் பின்னாலும் போனார்கள், யாரும் அவரோடு சேர்ந்து நடக்கவில்லை. நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். ஓர் அடி வைப்பார், காலை இழுப்பார், மறுபடி ஓர் அடி. கோயில் கோபுரம் தெரிகிற வளைவில் நின்றுவிட்டார். கால் நடுங்கியது.

அந்த இளம்பெண்தான் திரும்பி வந்தாள். கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். “அவருகிட்ட குடு யக்கா. ஒட்டவச்சவரு அவருதான? அவரே தூக்கட்டும்.”

குழாயடியில் படம் போட்டும் புரியவைக்க முடியாததை அவள் அப்படிப் போகிற போக்கில் சொன்னாள். நான் கையை நீட்டினேன். அம்மாள் தயங்கினார். “கீய வைக்காத. செருப்பக் கயட்டு.” கழற்றினேன். குடம் என் தலைக்கு வந்தது. என்னை அறியாமல் என் கட்டைவிரல் அடிக்கோட்டைத் தடவிப் பார்த்தது.

“இன்னா சார், இப்பக் கூட ஓட்ட கீதான்னு பாக்கறியா?” என்றாள் அவள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். “வேலையத் தூக்குனவரு குடத்தத் தூக்குறாரு, வயி வுடுங்க” என்று இன்னொருத்தி கூட்டத்தை விலக்கினாள். அந்தக் கேலி கோயில் வாசல் வரை என்னோடு வந்தது. எனக்கு வர வேண்டியது என்னிடம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பாரம் மட்டும் குறையவில்லை. அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இளம்பெண் அவருடைய மறுபக்கம் வந்தாள்.

குருக்கள் குடத்தைப் பார்த்துவிட்டு, “பிளாஸ்டிக்கா? பித்தளைல கொண்டு வரப்படாதோ?” என்றார்.

“இந்தக் குடத்துக்குத்தான் சாமி வேண்டிகினேன்” என்றார் அம்மாள்.

குருக்கள் உள்ளேயிருந்து ஒரு பித்தளைச் செம்பை எடுத்துவந்து, பாலை அதில் ஊற்றிக்கொண்டு போனார். ஒரு சொட்டும் மிச்சமில்லாத குடத்தை என்னிடம்தான் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது கேட்டேன். “இந்தத் தடவை என்ன வேண்டிக்கொண்டீர்கள்?”

“வேண்டல. கடன் தீந்துச்சின்னு மட்டும் சொன்னேன்.”

“வேலைக்காக ஒரு வார்த்தை…”

“அதுக்கு இன்னொரு குடம் எடுக்கணும்” என்றார். “நீ எதுனா ஒட்டாததப் புடிச்சிக்கினு வா, பாக்கலாம்.”

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

பிறகு அவர் ஒரகடம் கூட்டு ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், வேகவைத்த கடலை விற்க உட்கார்ந்தார். மேலே ஒரு சாக்கு, அவ்வளவுதான் நிழல். மடங்காத கால் தார்ச் சாலை வரை நீண்டிருக்கும், பஸ் திரும்பும்போதெல்லாம் இழுத்துக்கொள்வார். பக்கத்தில் குடிதண்ணீருக்கு அந்தக் குடம். என்னைப் பார்த்தால் கடலையை மடித்துக் கொடுத்துவிட்டு, “தண்ணி குடி சார்” என்பார். குடத்தைச் சாய்த்துக் குடிக்கும்போது ஒவ்வொரு முறையும் என் நகம் குடத்தின் அடிக்கோட்டில் ஒரு தடவை ஓடும். கீறல் விழுந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுவேன். வெயிலில் நிறம் மங்கி, கழுத்தெல்லாம் தேய்ந்தும் குடம் கிழியவில்லை. நான் தேடுவதை அவர் கவனித்திருக்கிறார்.

“இன்னும் ஒட்டிக்கினுதான் கீது சார்” என்றார் ஒரு நாள்.